வெண்ணெயும் பனியனும்

நுழையும்முன்

உலக நாடுகளின் உறவு என்பது தலைநகரங்களில் கூடிப் பேசுவோர்க்கு மட்டுமே உரியது எனப் பலர் கருதுகின்றனர். ஆனால், ஓர் அரசு மற்றோர் அரசுடன் செய்துகொள்ளும் உடன்பாடு, சிற்றூர் ஒன்றின் தையல் பொறிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் வந்து சேர்கிறது. அது வந்து சேரும் வழியை ஆராயும் பல்கலைக்கழகக் கல்வியே பன்னாட்டு உறவுகள். கொங்கு நாட்டு ஊத்துக்குளியை முன்னிறுத்தி, அக்கல்வியின் இயல்பையும் பயனையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊரும் தொழிலும்

ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் இருப்புப்பாதையில், திருப்பூருக்குச் சற்று முன்னதாக அமைந்துள்ள ஊர் ஊத்துக்குளி. கதித்தமலை முருகன் கோவிலால் அறியப்படும் இவ்வூருக்குத் தமிழகமெங்கும் பெயர் தேடித் தந்தது வெண்ணெய். எருமைகளை வளர்த்து, பாலைத் தோய்த்து, தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுப்பது இப்பகுதி உழவர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த தொழில். ஊத்துக்குளி வெண்ணெய் என்றாலே அதற்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு.

காலப்போக்கில் பக்கத்து ஊரான திருப்பூர், பின்னலாடைத் தொழிலில் உலகறிந்த நகரமாயிற்று. ஊத்துக்குளியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழ்வோர் தொடர்வண்டியிலும் நிறுவன ஊர்திகளிலும் ஏறிப் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்லத் தொடங்கினர். ஓவர்லாக் தைப்போர், கைமடிப்போர், செக்கிங் பார்ப்போர் எனப் பலருடைய உழைப்பில் உருவாகும் ஆடை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கிறது. அதை அணிவோர் ஊத்துக்குளியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால், அந்நாடுகளின் முடிவுகள் ஊத்துக்குளியின் வாரக் கூலியை உயர்த்தவும் குறைக்கவும் வல்லவை.

ஒரு வீட்டின் கேள்வி

2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், இவ்வூரைச் சேர்ந்த ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். அவ்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு பயில்கிறாள். தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறார். அப்பத்தா இரண்டு எருமைகளை வைத்துப் பேணுகிறார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரியில் அரசியல் அறிவியலும், பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளும் பயில வேண்டும் என்பது மாணவியின் விருப்பம்.

“அரசியல் படிச்சுப்போட்டு என்ன பண்றது அம்மிணி? கட்சியில சேரப்போறயா?” என்று கேட்கிறார் தாய். அக்கேள்வியில் ஏளனம் இல்லை, அச்சமே இருக்கிறது. வணிகவியல் படித்தால் மூன்றே ஆண்டுகளில் ஏதேனும் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை கிடைக்கும். பன்னாட்டு உறவுகள் பயில ஐந்து ஆண்டுகள் ஆகும். அதற்குப் பின்னரும் உடனடியாக வேலை கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. அவ்வாரமோ, வெளிநாட்டு ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்டதால் வேலைநாள்களும் குறைந்துவிட்டன.

ஆர்டர் ஏன் நின்றது? ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்கள் மீது 25 விழுக்காடு கூடுதல் வரியை அமெரிக்கா விதித்தது. உருசியாவிடமிருந்து இந்தியா கச்சா எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. இவ்வாறு மொத்தக் கூடுதல் வரி 50 விழுக்காடாயிற்று. உருசியா மீதான மேலைநாடுகளின் பொருளாதாரத் தடைகளுக்கு அடிப்படையாக அமைந்ததோ, 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது அந்நாடு தொடங்கிய படையெடுப்பு. போர் ஒரு கண்டத்தில் நடக்க, வரி மற்றொரு கண்டத்தில் விதிக்கப்பட, கூலி குறைந்ததோ ஊத்துக்குளியில்! ‘இவை மூன்றும் எவ்வாறு இணைந்தன?’ என்னும் வினாவே மாணவியின் விருப்பத்துக்கு விதையாக அமைந்தது.

நொய்யல் கண்ட பழைய உறவுகள்

பிற நாடுகளோடு உறவு கொள்வது கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. நொய்யல் ஆற்றின் கரையில், ஊத்துக்குளியிலிருந்து அதிகத் தொலைவில்லாத கொடுமணலில் நடைபெற்ற அகழாய்வுகள், அரிய கற்களைக் கொண்டு மணிகள் செய்த தொழிற்கூடங்களையும் இரும்பு உருக்கிய உலைகளையும் வெளிப்படுத்தின. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களையும் கரூரையும் இணைத்த பெருவழியில் இவ்வூர் அமைந்திருந்தது. கோவையை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த உரோமானியக் காசுகள் அவ்வணிகத்தின் சான்றுகளாக விளங்குகின்றன.

அரசுகளுக்கிடையே தூது செல்லும் மரபையும் தமிழிலக்கியம் போற்றுகிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது சென்ற செய்தியைப் புறநானூறு வழி அறிகிறோம். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே மூண்ட பகையைத் தணிக்கக் கோவூர்கிழார் அறிவுரை கூறினார். திருக்குறளின் 69 ஆம் அதிகாரம் ‘தூது’ என்னும் பெயரிலேயே அமைந்து, தூதுவர்க்கு வேண்டிய பண்புகளைத் தொகுத்துரைக்கிறது.

அண்மைக் காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. 1892 இல் கோவையில் பிறந்த இரா. கி. சண்முகம், 1944 இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்சில் கூடிய மாநாட்டில் இந்தியக் குழுவினருள் ஒருவராகப் பங்கேற்றார். பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் தோன்ற வழிவகுத்த மாநாடு அது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராகவும் அவர் விளங்கினார். ஆற்காடு இராமசாமி முதலியார் 1945 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு முதல் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பல்கலைக்கழகத்தில் பிறந்த புதுத்துறை

தூதும் வணிகமும் தொன்மையானவை. அவற்றைத் தனித்துறையாகப் பல்கலைக்கழகத்தில் பயில்வது ஒரு நூற்றாண்டு வரலாறு உடையது. முதல் உலகப்போரில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் மாண்டனர். வேல்சு நாட்டின் சிறிய கடற்கரை நகரமான அபரிஸ்ட்வித்தில் இருந்த கல்லூரியும் தன் மாணவர் பலரை இழந்தது. அவர்களுடைய நினைவாக டேவிட் டேவிசும் அவருடைய தங்கையர் இருவரும் அளித்த கொடையால், 1919 ஆம் ஆண்டு அங்குப் பன்னாட்டு அரசியலுக்கான பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. இத்துறைக்கு உலகில் ஏற்பட்ட முதல் இருக்கை இதுவே. போர் ஏன் மூள்கிறது, அதை எவ்வாறு தடுப்பது என்னும் வினாக்களிலிருந்து பிறந்த கல்வி இது. அது தோன்றிய இடம் பேரரசின் தலைநகரமன்று. மாணவர்களைப் பறிகொடுத்த ஒரு சிறிய நகரம் என்பது எண்ணத்தக்கது.

இந்தியாவில் இக்கல்விக்கு அடித்தளமிட்டோருள் ஆ. அப்பாதுரை குறிப்பிடத்தக்கவர். சென்னை இலயோலாக் கல்லூரியில் பணியாற்றிய இவர், பல தலைமுறை மாணவர்கள் பயின்ற அரசியல் பாடநூல் ஒன்றை 1942 இல் வெளியிட்டார். பின்னர்த் தில்லியில் உலக விவகாரங்களுக்கான இந்திய மன்றத்தின் பொதுச்செயலாளராகப் பொறுப்பேற்றார். அம்மன்றத்தின் முயற்சியால் 1955 இல் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டபோது, அதன் முதல் இயக்குநரானார். 1970 இல் அப்பள்ளி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, இன்றுவரை அங்குச் செயல்பட்டு வருகிறது.

மூன்று படிகளில் ஒரு வினா

பன்னாட்டு உறவுகள் என்பது நாடுகளின் தலைநகரங்களையும் தலைவர்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்யும் படிப்பன்று. ஒரு நிகழ்வுக்கான காரணங்களைப் பிரித்தறியும் பயிற்சியே அதன் உயிர். அமெரிக்க அறிஞர் கென்னத் வால்ட்சு 1959 இல் வெளியிட்ட ‘மனிதன், அரசு, போர்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில், போருக்கான காரணங்களை மூன்று படிகளில் தேட வேண்டும் எனக் காட்டினார். தனிமனிதர் முதற்படி, நாட்டின் உள்ளமைப்பு இரண்டாம் படி, நாடுகள் அனைத்தும் அடங்கிய உலக ஒழுங்கு மூன்றாம் படி. போருக்கென வகுத்த இம்முறை பிற வினாக்களுக்கும் பொருந்தும். ஊத்துக்குளி மாணவியின் வினாவையே அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

முதற்படியில், வரியை விதிக்க முடிவெடுத்த தலைவரின் நோக்கமும் அவருடைய பேச்சு முறையும் ஆராயப்படும். நாளிதழ்ச் செய்திகள் பெரும்பாலும் இப்படியோடு நின்றுவிடுகின்றன.

இரண்டாம் படியில், இரு நாடுகளின் உள்நிலைமைகள் ஆராயப்படும். வரி விதிக்கும் அதிகாரம் அமெரிக்காவில் யாரிடம் உள்ளது? உள்நாட்டுத் தொழிலாளர், வாக்காளர் ஆகியோரின் எதிர்பார்ப்பு யாது? தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இந்தியா, குறைந்த விலையில் கிடைப்பதை வாங்காமல் இருக்க முடியுமா? இவை இப்படிக்குரிய வினாக்கள்.

மூன்றாம் படியில், அரசுகளுக்கு மேல் ஆணையிடும் அரசு எதுவும் உலகில் இல்லை என்னும் உண்மை முன்னிற்கிறது. 1995 சனவரி 1 அன்று தோன்றிய உலக வணிக அமைப்பு, நாடுகளின் வணிகப் பூசல்களைத் தீர்க்க ஒரு முறையை வகுத்தது. ஆனால், அதன் மேல்முறையீட்டு அமைப்பு, புதிய உறுப்பினர்கள் அமர்த்தப்படாமையால் 2019 திசம்பரில் செயலிழந்தது. ஊரில் வழக்கு இருந்தும் தீர்ப்புக் கூற நடுவர் இல்லாத நிலையை இஃது ஒக்கும். அத்தகைய சூழலில் வலிய நாட்டின் குரலே ஓங்கும்.

மூன்று படிகளையும் ஒருங்கே காணும்போதுதான் விடை முழுமை பெறுகிறது. ஒருவரைப் பழிப்பதாலோ புகழ்வதாலோ ஒரு நிகழ்வை விளக்கிவிட முடியாது என்னும் தெளிவு, இக்கல்வி தரும் முதற்பயன்.

தெரிந்து தெளிவோம்

எல்லை கடக்கும் பொருள்களை அடையாளம் காண உலக நாடுகள் பொதுவான எண்முறை ஒன்றைப் பின்பற்றுகின்றன. பிரசல்சு நகரில் தலைமையகம் கொண்ட உலகச் சுங்க அமைப்பு அதைப் பேணி வருகிறது. பின்னலாடைகள் 61 ஆம் பிரிவிலும், நெய்த துணியால் தைத்த ஆடைகள் 62 ஆம் பிரிவிலும் அடங்கும். டி-சர்ட்டுக்கும் பனியனுக்கும் உரிய எண் 6109. வெண்ணெய்க்கும் நெய்க்கும் உரிய எண் 0405. நாடுகள் வரியைப் பற்றிப் பேசும்போது, பொருளின் பெயரைவிட இவ்வெண்களே உடன்பாட்டின் பட்டியலில் இடம்பெறுகின்றன.

திறந்த கதவும் மூடிய கதவும்

‘நாட்டின் நலன்’ என்னும் சொல் பன்னாட்டு அரசியலில் அடிக்கடி வழங்குவது. அது கேட்பதற்கு ஒரே பொருள் உடையதுபோல் தோன்றும். ஊத்துக்குளியில் நின்று நோக்கினால் அதன் சிக்கல் விளங்கும்.

பின்னலாடைத் தொழில் பிற நாட்டுச் சந்தைகளின் கதவு திறந்திருக்க வேண்டும் என விரும்புகிறது. 1974 முதல் நடைமுறையில் இருந்த பல்லிழை ஒப்பந்தத்தின்படி, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எவ்வளவு ஆடையை வாங்கலாம் என வளர்ந்த நாடுகள் அளவு வரையறுத்தன. படிப்படியாகத் தளர்த்தப்பட்ட அம்முறை 2005 சனவரி 1 அன்று முற்றிலும் நீங்கியது. அதன்பின் போட்டி அளவைப் பற்றியதாக இல்லாமல், விலையையும் வரியையும் பற்றியதாக மாறிற்று. வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2001 இல் வழங்கிய சலுகையால் வங்கதேசத்தின் ஆடைகள் அங்கு வரியின்றி நுழைந்தன. இந்திய ஆடைகளோ வரி செலுத்தியே நுழைய வேண்டியிருந்தது. ஒரே தரமுள்ள இரண்டு பனியன்களுள் ஒன்று சில விழுக்காடு விலை கூடினாலும் ஆர்டர் கைமாறிவிடும்.

பால் தொழிலின் நிலை இதற்கு நேர்மாறானது. உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. ஆனால், அப்பாலைத் தருவோரில் பெரும்பாலோர் ஓரிரு மாடுகளை வைத்துப் பிழைக்கும் எளிய குடும்பத்தினர். பெரும்பண்ணைகளைக் கொண்ட நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து பால்பொருள்கள் வரியின்றி வந்து குவிந்தால், அவர்களால் தாக்குப்பிடிக்க இயலாது. கிழக்காசிய, பசிபிக் நாடுகள் பேசிவந்த பெரும் வணிகக் கூட்டமைப்பில் சேர்வதில்லை என 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா அறிவித்தது. அம்முடிவுக்குக் கூறப்பட்ட காரணங்களுள் பால் உற்பத்தியாளர்களின் அச்சமும் ஒன்று.

இவ்வாறு, தாய் செய்யும் வேலைக்குக் கதவு திறக்க வேண்டும். அப்பத்தாவின் எருமைகளுக்குக் கதவு மூடியிருக்க வேண்டும். இரு விருப்பங்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன, இரண்டும் நேர்மையானவை. வெளிநாட்டுப் பேராளர்களோ, ‘எங்கள் வெண்ணெய்க்குக் கதவைத் திறந்தால் உங்கள் ஆடைக்குத் திறக்கிறோம்’ எனக் கேட்கக்கூடும். அப்போது எதை விட்டுக்கொடுப்பது, எதைக் காப்பது, எவ்வளவு காலத்துக்குக் காப்பது என எடை போட்டுப் பார்ப்பதே பேச்சுவார்த்தையின் அரும்பணி.

அவ்வாறு எடை போட்ட உடன்பாடுகளும் உண்டு. 2022 திசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-ஆத்திரேலிய உடன்பாட்டில் இந்திய ஆடைகளுக்கு வரி நீங்கியது. பால்பொருள்கள் இந்தியா தரும் சலுகைகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன. 2025 சூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரித்தானிய உடன்பாட்டிலும் இதே அணுகுமுறை பின்பற்றப்பட்டது. எனினும், ஒவ்வொரு முறையும் இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பது எளிதன்று. ஒன்றைக் காக்க மற்றொன்றை விலையாகக் கொடுக்க நேரும்போது, அவ்விலை யாருடைய வீட்டில் செலுத்தப்படும் என்பதை அறிந்தவர் அம்மேசையில் அமர வேண்டும்.

கற்கும் வழி

மேல்நிலை வகுப்பில் எப்பிரிவில் பயின்றோரும் இளங்கலை அரசியல் அறிவியலில் சேர இயலும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் அரசியல் கோட்பாடு, இந்திய அரசமைப்பு, ஒப்பீட்டு அரசியல், பன்னாட்டு உறவுகள் ஆகியவற்றின் அடிப்படைகள் கற்பிக்கப்படுகின்றன. இரண்டாண்டு முதுகலையில் தூதாண்மை வரலாறு, பன்னாட்டுச் சட்டம், உலகப் பொருளாதாரத்தின் அரசியல், ஆயுதக் குறைப்பு, ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதி பற்றிய ஆய்வு என இக்கல்வி விரிகிறது. சவகர்லால் நேரு பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற நடுவண் பல்கலைக்கழகங்களின் முதுகலைச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, போர்த்திறன் ஆய்வுக்கெனத் தனித்துறை உள்ளது.

இக்கல்வியின் இடர்ப்பாடுகளையும் அறிந்திருத்தல் வேண்டும். பெரும்பாலான நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழியில் பயின்ற மாணவர் முதலாண்டில் ஒரு பக்கத்தைப் படிக்கவே நெடுநேரம் செலவிட நேரலாம். அத்தடையை நாள்தோறும் நாளிதழ் படித்தல், கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறித்து வைத்தல் ஆகிய பழக்கங்களால் கடக்க முடியும். ஆங்கிலத்தோடு சீனம், அரபு, பிரெஞ்சு, எசுப்பானியம் போன்ற மொழிகளுள் ஒன்றைக் கற்பது கூடுதல் வலிமை சேர்க்கும். பொருட்செலவை எண்ணித் தயங்கும் மாணவியர்க்கு ஒரு துணையும் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி தொடரும் மாணவியர்க்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

இக்கல்வி பயின்றோர் செல்லத்தக்க பணிகள் பல. குடிமைப்பணித் தேர்வின் வழியாக இந்திய வெளியுறவுப் பணியில் சேரலாம். அதன் முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ‘அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்’ அத்தேர்வின் விருப்பப் பாடங்களுள் ஒன்று. இதழியல், சட்டம், ஆசிரியப்பணி, ஆய்வு, தொண்டு நிறுவனங்கள் ஆகிய துறைகளும் இவர்களை வரவேற்கின்றன. சொந்த ஊரிலும் இவர்களுக்குத் தேவை உண்டு. வணிக உடன்பாடு கையெழுத்தானவுடன் சலுகை தானாக வந்துவிடுவதில்லை. நூலும் துணியும் எந்நாட்டில் உருவானவை என்பதைக் கொண்டு சலுகையை முடிவு செய்யும் பிறப்பிட விதிகளைப் படித்து, உரிய சான்றிதழ்களை அளித்தால்தான் வரி குறையும். அவ்விதிகளைப் புரிந்துகொண்டு சிறு நிறுவனங்களுக்கும் தொழிலாளர்க்கும் எளிய தமிழில் எடுத்துச்சொல்வோர் பின்னலாடை நகரங்களுக்கு இன்றியமையாதவர்.

வீட்டில் தொடங்கும் உலகு

மாணவி இவற்றையெல்லாம் தன் தாயிடம் ஒரே நாளில் சொல்லி முடிக்கவில்லை. ஓர் இரவு, டி-சர்ட்டுக்கும் வெண்ணெய்க்கும் உரிய இரண்டு எண்களைத் தாளில் எழுதி, உடன்பாட்டு மேசையில் அவை எவ்வாறு எதிரெதிரே வைக்கப்படுகின்றன என்பதை விளக்கினாள். அப்பத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நம்ம எருமைக்கும் ஆகணும், கம்பெனிக்கும் ஆகணும். ரெண்டுக்கும் ஆகற மாதிரி எழுத முடியாதா கண்ணு?” என்று கேட்டார் தாய்.

“எழுத முடியுமான்னு பாக்கத்தானுங்கம்மா படிக்கோணும்” என்றாள் மாணவி.

தாய் உடனே இசைவு தந்துவிடவில்லை. ‘நெல்லோ புல்லோ, உங்கப்பன் வரட்டும், பேசிக்கலாம்’ என்று மட்டும் கூறினார். ஆனால், அவருடைய கேள்வி மாறியிருந்தது. ‘கட்சியில் சேரப்போகிறாயா?’ எனக் கேட்டவர், இப்போது நாட்டின் பேராளர்கள் எதிர்கொள்ளும் அதே வினாவை எழுப்பினார். அரசியல் என்பது தேர்தலோடு முடிவதன்று. மோதும் நலன்களுக்கிடையே நியாயமான வழி தேடும் முயற்சியும் அரசியலே என்னும் உண்மை அவ்வீட்டில் புலப்பட்டது.

எங்கோ எடுக்கப்படும் முடிவுகளுக்கு ஆளாவது எளிய மக்களின் விதி என இருந்துவிடலாகாது. அம்முடிவுகள் எவ்வாறு உருவாகின்றன எனக் கற்பதும், அவை உருவாகும் இடத்தில் தம் ஊரின் நிலையை எடுத்துரைப்பதும் இளையோர் கடமை. தயிர் கடையும் கையையும் ஆடை சரிபார்க்கும் கையையும் அறிந்த ஒருவர் அம்மேசையில் அமரும் நாளில், உடன்பாட்டின் எண்களுக்குப் பின்னால் உள்ள மனிதர்களும் கணக்கில் கொள்ளப்படுவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உற்பத்தியாகும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது எந்தெந்த ஊர்களுக்கும் நாடுகளுக்கும் செல்கிறது என்பதைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. நாளிதழில் வெளியான வெளிநாட்டுச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கான காரணங்களைத் தனிமனிதர், நாடு, உலக ஒழுங்கு என்னும் மூன்று படிகளில் பிரித்து எழுதுக.

3. ‘ஆடை ஏற்றுமதிக்குச் சலுகை பெறுவதற்காகப் பால்பொருள் இறக்குமதியை அனுமதிக்கலாமா?’ என்னும் தலைப்பில் பின்னலாடைத் தொழிலாளர், பால் உற்பத்தியாளர், அரசுப் பேராளர் ஆகிய மூவராக இருந்து வகுப்பறையில் உரையாடுக. இறுதியில் மூவரும் ஏற்கத்தக்க உடன்பாடு ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.